பம்பர் படம் போகவில்லை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெண்டெல் போன் செய்தான். எங்கள் பள்ளிக்கூட பஸ்களுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். இருபது வருடமாக என் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்வதுதான் அவனுக்குப் பாதி வேலை.

"ஏம்மா டோரீன், நேத்து மானை இடிச்சியாமே?"

"நான் எங்க இடிச்சேன்? அதுதான் வந்து என்னை இடிச்சிச்சு."

"மானுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது பாட்டுக்கு ஓடிப்போச்சு. பம்பர்தான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."

"சரி, ஒரு படம் எடுத்து அனுப்பு. திங்கக்கிழமைக்கு இதே வண்டி ஓடுமா, வேற வண்டி தரணுமான்னு பார்த்துச் சொல்றேன்."

ஊருக்கு வெளியே இருக்கும் டிரைவர்கள் பஸ்ஸை வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இஷ்பெமிங் என்கிற எங்கள் ஊரிலிருந்து பதினொரு மைல் தள்ளி, காட்டு ரோட்டில் என் வீடு. அந்த வருடத்து முதல் பனி முந்தின இரவே விழுந்திருந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு போய், பம்பர் மேலிருந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு, ஒரு படம் எடுத்து வெண்டெலுக்கு அனுப்பினேன். போன் யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "அனுப்ப முடியவில்லை" என்றது. இன்னொரு தடவை அனுப்பினேன். அதே பதில். மூன்றாவது தடவையும் அதேதான்.

பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் ஒரு இயந்திரம் என்னிடம் முடியாது என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். போனைத் தூக்கிப் பனியில் வீசாதது பெரிய விஷயம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் கோபம் போன் மேல் இல்லை. அன்று எங்கள் சர்ச்சில் பேஸ்டி விற்பனை. மாவை வட்டமாகத் தேய்த்து, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரூட்டபாகா என்கிற முள்ளங்கி ஜாதிக் கிழங்கு எல்லாவற்றையும் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தைத் திருகி மூடி, அடுப்பில் வேகவிட்டால் அதுதான் பேஸ்டி. ஒவ்வொரு அக்டோபரிலும் அறுநூறு செய்வோம். விடியுமுன்பே சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் கூடிவிடுவோம். மூத்தவள் மார்லிஸ் அக்கா உள்ளே வைக்கிற கலவையைப் பிசைவாள். கடைக்குட்டி ரோண்டா மாவு தேய்ப்பாள். நடுவிலே பிறந்த நான் ஓரம் திருகுவேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் திருகிய ஓரம் ஒன்றுகூட அடுப்பில் பிரிந்ததில்லை. இந்த வருடம் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கேரட்.

எங்கள் நாட்டில் தொழிலாளர் தினம் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை. அந்த விடுமுறைக்கு ஏரிக்கரையில் மொத்தக் குடும்பமும் கூடியிருந்தோம். அக்கா ஒரு கூடை பேஸ்டி செய்துகொண்டு வந்திருந்தாள். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் என்னவோ தெரிந்தது. கேரட்! பேஸ்டியில் கேரட் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் வேறு குடும்பம்.

"அக்கா, இது யாருக்குப் பண்ணினது? முயலுக்கா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "அம்மா போனதுல இருந்து உன்னைக் கேக்க ஆளில்லாமப் போச்சு" என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கார் பக்கமாக நடந்து போனாள். அம்மாவைக் கடைசி நான்கு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். என் வாய்க்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எல்லார் முன்னாலும் பேசியதற்கு எல்லார் முன்னாலும்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? நாங்கள் மூன்று பேரும், பிள்ளைகளும், மாப்பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குழு மெசேஜ் வைத்திருந்தோம். தக்காளி பழுத்தால் படம், மீன் பிடித்தால் படம், பேரன் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் முட்டியின் படம். புதன்கிழமை சாயங்காலம் அதில் எழுதினேன்: "அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. அம்மாவை இழுத்திருக்கக் கூடாது. மன்னிச்சிடு." பெரிய கடிதம் இல்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் அதுவே ஒரு புத்தகம். எழுத ஒரு மணி நேரம் ஆனது.

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு தக்காளிகூட வரவில்லை. பத்து நாள் கழித்து ரோண்டா தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினாள்: "எல்லாம் சரிதானே?" நான் மன்னிப்புக் கேட்டதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரிதான்" என்று போட்டேன். "நல்லது" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஐந்து வாரம் அப்படியே போனது. இறங்கி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகும் ஒதுக்கிவைக்கிறார்கள் என்றால் நான் எதற்குப் போய் நிற்க வேண்டும்? பகலில் இப்படித்தான் நினைத்துக்கொள்வேன். காலையில் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு முதல் பிள்ளையின் வீட்டுக்குப் போகும் அந்த ஆறு மைல் மட்டும் அழுகை வரும்.

இது ஒருபுறம் இருக்கட்டும். பம்பர் படம் போக வேண்டுமே. போன் கம்பெனியைக் கூப்பிட்டேன். அது புதுக் கம்பெனி. பழைய கம்பெனியின் சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறை இருக்கும் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். ஏரிக்கரைச் சண்டைக்கு மறுநாள்தான் புதுக் கம்பெனியின் சிம்மை வாங்கி, என் பழைய போனிலேயே போட்டேன். சமையலறையிலேயே சிக்னல் முழுசாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த வீட்டு போனின் இணைப்பையும் எடுத்துவிட்டேன்.

இருபது நிமிடம் ஒரே பாட்டைப் போட்டு என் உயிரை வாங்கினார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர் யொலாண்டா, டெக்சஸிலிருந்து பேசுகிறாளாம்.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

"படம் போகமாட்டேங்குது."

"கவலைப்படாதீங்க, பார்த்துடலாம். மொபைல் டேட்டா போட்டிருக்கீங்களா?"

"இல்ல, அணைச்சு வெச்சிருக்கேன். வீட்டுல வைஃபை இருக்கே, அது எதுக்கு வீணா?"

"பட மெசேஜ் வைஃபைல போகாது மேடம். கம்பெனியோட டேட்டா வழியாத்தான் போகும். முதல்ல அதைப் போடுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் அவளை வைத்துக்கொண்டே பம்பரை மறுபடி அனுப்பினேன். போகவில்லை.

"போன் பழைய கம்பெனில வாங்கினதா மேடம்?"

"ஆமா. போன் நல்லாத்தானே இருக்கு, அதைப் போய் எதுக்கு மாத்தணும்?"

"போன் நல்லாத்தான் இருக்கு. ஆனா படம் எந்தக் கதவைத் தட்டணும்னு அதுக்குள்ள ஒரு விலாசம் இருக்கும். அது இன்னும் பழைய கம்பெனி வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு நிக்குது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, மாத்திடலாம்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், அதற்கும் உள்ளே போய், நான் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு பக்கத்தில் நின்றோம். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். புள்ளி என்றாள், சாய்கோடு என்றாள், இன்னொரு சாய்கோடு என்றாள். நான் ஒரு விரலால் குத்தினேன்.

"எல்லாம் சின்ன எழுத்துதானே மேடம்?"

"முதல் எழுத்தை அதுவா பெருசாக்குது. நான் சின்னதாக்கினா மறுபடியும் பெருசாக்குது. பிடிவாதத்தப் பாரு!"

"உங்க போன்தானே மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

"அங்க பனி பெய்யுதா மேடம்?"

"நின்னுடுச்சு. அங்க?"

"இங்க இன்னும் ஏசி ஓடுது. சரி, கீழ ஒரு கட்டம் இருக்கும், அதுல எண்பது எண்பதுன்னு போடுங்க. போட்டாச்சா? இப்ப சேமிங்க. ஆமா, இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன். குழு மெசேஜ் உங்களுக்கு ஒழுங்கா வருதா?"

"எந்தக் குழு?"

"நாலஞ்சு பேர் சேர்ந்து பேசுவீங்கல்ல, குடும்பம், ஃபிரண்ட்ஸ்னு. அதுவும் பட மெசேஜ் போற இதே வழிலதான் போகும். இது அடைச்சிருந்தா அதுவும் வராது, போகாது."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"மேடம்? இருக்கீங்களா?"

"வெறும் எழுத்து மட்டும்தான், படமே இல்லன்னா?"

"படம் இல்லன்னாலும் அப்படித்தான் மேடம். ஒருத்தருக்கு அனுப்பினா சாதாரண மெசேஜ், அது போயிடும். குழுவுக்கு அனுப்பினா போகாது. சரி, இப்ப போனை அணைச்சுப் போடுங்க. நம்ம பேச்சு கட்டாயிடும். அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்."

அணைத்துப் போட்டேன். அது கண்ணைத் திறப்பதற்குள் நான் சமையலறையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன். திறந்தது. ஒன்றும் இல்லை. பிறகு டிங் என்றது. அப்புறம் இன்னொரு டிங். அப்புறம் நிறுத்தாமல் அடித்தது.

முதலில் ரோண்டா, புதன்கிழமை அனுப்பியது. ஹாலில் அடுக்கிய மாவு மூட்டைகளின் படம். "மாவு வந்தாச்சு. சனிக்கிழமை காலைல அஞ்சரை மணி. எல்லாரும் வாங்க."

மார்லிஸ் அக்கா: "டோரீன் வர்றாளா?"

ரோண்டா: "தெரியல. எதுக்குமே பதில் போடமாட்டேங்கிறா. தனியா கேட்டா சரிதான்னு சொல்றா."

அக்கா: "வீட்டு நம்பருக்கு அடிச்சுப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது. நான் கூப்பிடக் கூடாதுன்னே எடுத்துட்டா போல."

ரோண்டா: "விடுக்கா. கோவம் தீரட்டும்."

கடைசியாக ஒரு படம். அன்று காலை ஐந்து ஐம்பதுக்கு அக்கா அனுப்பியது. பெரிய பாத்திரம் நிறையக் கலவை. இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரூட்டபாகா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். ஆரஞ்சு நிறமே இல்லை. கீழே எழுதியிருந்தாள்: "கேரட் போடல. யாராவது அவகிட்ட சொல்லுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது? அறுபத்தோரு வயதில் என்னை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை என்று தெரிந்தால் அழுகைதான் வரும். யொலாண்டா கூப்பிட்டபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் எடுத்தேன்.

"பம்பர் போச்சா மேடம்?"

"அது கிடக்கட்டும். அஞ்சு வாரமா என் அக்கா தங்கச்சி எல்லாம் எழுதினது எங்க? மூணு நாளோடதுதானே வந்திருக்கு?"

"எங்க சிஸ்டம் மூணு நாள்தான் வெச்சிருக்கும் மேடம். அதுக்கு முந்தினது போனதுதான். சாரி."

"நான் அவங்களுக்கு ஒண்ணு அனுப்பினேனே. செப்டம்பர்ல."

"அதைத் திறந்து பாருங்க. பக்கத்துல சின்னதா ஒரு சிவப்புக் குறி இருக்கா?"

இருந்தது. ஐந்து வாரமாக அது அங்கேயேதான் இருந்தது. நானும் தினமும் ஒரு தடவை அதைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தபால் தலையில் குத்துகிற முத்திரை மாதிரி, போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

"அப்படின்னா அது போகவே இல்ல மேடம். இப்ப அதைத் தொட்டீங்கன்னா போயிடும். தொடுறீங்களா?"

விரல் பக்கத்தில் போனது. பிறகு எடுத்துக்கொண்டேன். "வேண்டாம்மா. நானே நேர்ல போறேன்."

"அப்போ பிரச்சினை தீர்ந்ததுன்னு எழுதிக்கலாமா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்தேன். பாவம், அவளுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

பம்பர் படத்தை வெண்டெலுக்கு மறுபடி அனுப்பிவிட்டு, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரோட்டுப் பனியை இன்னும் யாரும் வாரித் தள்ளவில்லை, இருந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டியில் இல்லாததால் கொஞ்சம் வேகமாகவே போனேன். பாதி வழியில் டிங் என்றது. ரெயில்வே கேட்டில் நின்றபோது பார்த்தேன். வெண்டெல்: "படம் வந்துச்சு. பம்பர் பாதி, உன் கட்டைவிரல் பாதி. கட்டைவிரல் நல்லா இருக்கு. பம்பரைத் திங்கக்கிழமை பார்க்கலாம்."

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற கதவைத் திறந்து, நாலு படி இறங்கினால் ஹால். சூடும் வெங்காய வாசனையும் முகத்தில் அடித்தன. யாரும் திரும்பவில்லை. நீளமான மேஜையில் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலையில் இருந்தார்கள். ரோண்டா மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கலவையை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். என் இடத்தில் பாஸ்டர் நின்று ஓரம் திருகிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நன்றாகப் பிரசங்கம் செய்வார். அவர் திருகியதில் மூன்றுக்கு ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. நாற்காலி முதுகில் என் நீலக் கட்டம் போட்ட ஏப்ரன், சர்ச் அலமாரியில் நான் வைத்துவிட்டுப் போன மடிப்புக் கலையாமல் கிடந்தது. பாஸ்டரை அதைக் கட்டிக்கொள்ள யாரும் விடவில்லை போல, பாவம், அவருடைய கறுப்புச் சட்டை முழுக்க மாவு.

என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? ஐந்து வாரத்துக்கு ஒரு வார்த்தை கிடைக்க வேண்டுமே. போனை எடுத்து, அந்த முதுகுகளை ஒரு படம் எடுத்தேன். குழுவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அது யோசிக்கவே இல்லை.

மேஜையின் இந்தக் கோடியில் டிங் என்றது. அந்தக் கோடியில் டிங் என்றது. ஏப்ரன் பைகளில், ஜன்னல் விளிம்பில், மாவு டப்பாவுக்குப் பின்னால், ஹால் முழுக்க டிங். அக்கா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். தன் முதுகையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்:

"கதவைச் சாத்துடி. குளிர் உள்ள வருது."

சாத்தினேன். பக்கத்தில் போய், "அக்கா, போன்ல ஒரு கோளாறு. உங்க யாரோட மெசேஜும் எனக்கு வரல" என்றேன்.

"அஞ்சு வாரமாவா? போன் மேல பழியைப் போடாத."

செப்டம்பர் மெசேஜைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ரோண்டா மாவு தேய்க்கிற கட்டையோடு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் சிவப்பு என்னது?" என்றாள் அக்கா.

"போகலன்னு அர்த்தமாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"ரெண்டே நாள்ல எழுதியிருக்கா, அக்கா" என்றாள் ரோண்டா மெதுவாக.

அக்கா இன்னொரு தடவை படித்தாள். மாவுக் கையால் மூக்கைத் தேய்த்ததில் மூக்கு வெள்ளையானது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் கட்டிக்கொள்வோம். அதனால் அவள் மூக்கிலிருந்த மாவை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அவளும் விட்டாள்.

"சரி, போய்க் கையைக் கழுவு. பதினோரு மணிக்கு ஜனம் வந்துடும். பாஸ்டர், நீங்க போய் காபி குடிங்க, ரொம்ப நன்றி."

பாஸ்டர் ஜெயிலிலிருந்து விட்ட மாதிரி ஓடினார். நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, என் இடத்தில் நின்றேன். அவர் திருகியதையெல்லாம் பிரித்து மறுபடி திருகினேன். நாலு தட்டு முடிந்தது. ஐந்தாவதாக ஒரு சின்னத் தட்டை அக்கா என் பக்கம் தள்ளினாள். அதில் ஆறே ஆறு பேஸ்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சி குத்தியிருந்தது. ஒன்றின் வாயைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். ஆரஞ்சு.

"கேரட் போடலன்னு எழுதியிருந்தியே?"

"விக்கிறதுக்குப் போடல. இது எனக்கு."

மொத்த மேஜையும் கையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தது. நாக்கு நுனி வரைக்கும் முயல் வந்துவிட்டது. அதைப் பிடித்து முழுங்கினேன். முதல் கேரட் பேஸ்டியை எடுத்து, விளிம்பைச் சேர்த்து, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு மடிப்புக்கூடக் குறையாமல் திருகினேன்.

பக்கத்தில் கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை, அடுத்ததை எடுத்தேன்.

என் ஏப்ரன் பையில் டிங் என்றது.